பொறி பறப்பதற்கு முந்தைய வேலை

கோவையில் தயாராகும் எந்த மோட்டாரைப் பிரித்தாலும் நடுவில் ஒரு ஷாஃப்ட் இருக்கும். அதன் இரு முனைகளிலும் பேரிங் ஏறி உட்கார வேண்டும். 6305 என்ற பேரிங்கின் உள்துளை 25 மி.மீ. அது உட்காரும் இடத்துக்கு டிராயிங்கில் ‘கே5’ என்று போட்டிருந்தால், ஷாஃப்ட்டின் விட்டம் 25.002 மி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது, 25.011-ஐத் தாண்டவும் கூடாது. கிடைக்கும் இடம் 9 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. விட்டம் குறைந்தால் பேரிங் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றும். கூடினால் இறுகிச் சூடேறி, சீக்கிரமே இரைச்சல் போடும்.

லேத்தில் கடைந்து இந்த அளவை ஒவ்வொரு ஷாஃப்டிலும் பிடிப்பது சிரமம். அதனால் லேத்காரர் விட்டத்தில் 0.2 அல்லது 0.3 மி.மீ. மிச்சம் விட்டுக் கடைகிறார். மீதி வேலை சிலிண்ட்ரிகல் கிரைண்டிங் மெஷினுக்கு. ஜாப், அதாவது வேலைக்கு வந்த ஷாஃப்ட், ஒரு பக்கம் மெதுவாகச் சுழல, சாணைக்கல் அதை உரசி மைக்ரான் கணக்கில் எடுக்கும். 1876-இல் பிலடெல்பியா கண்காட்சியில் அமெரிக்காவின் பிரௌன் அண்ட் ஷார்ப் நிறுவனம் வைத்த யுனிவர்சல் கிரைண்டர் இவ்வகை மெஷின்களுக்கு முன்னோடி.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பறக்கும் பொறிதான் தெரியும். அளவு சரியாக வருமா வராதா என்பதோ அதற்கு முன்பே, செட்டிங்கில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

முதல் கவனம் சென்டர் துளைக்கு. ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் 60 டிகிரி கூம்பாகத் துளை போட்டிருப்பார்கள். அதற்குள் மெஷினின் கூர்முனைகள் நுழைந்து ஜாபைத் தாங்குகின்றன. லேத்தில் தலைப்பக்கச் சென்டர் ஜாபோடு சேர்ந்து சுற்றும். இங்கே இரண்டுமே அசையாமல் நிற்கும். ஷாஃப்ட்டில் மாட்டிய கேரியரை ஒரு முள் தள்ளிச் சுற்றவைக்கும். ஸ்பிண்டில் பேரிங்கில் இருக்கும் சிறு ஆட்டம்கூட ஜாபுக்கு வராமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் துளைக்குள் ஒரு சில்லு பிசிறோ, ஹீட் ட்ரீட்மென்ட்டில் ஒட்டிய கருப்புச் செதிலோ இருந்தால் ஷாஃப்ட் வட்டமாக வராது. துளையைத் துடைத்து, தேவைப்பட்டால் மறுபடி தேய்த்து, கிரீஸ் தடவிய பிறகுதான் ஏற்ற வேண்டும்.

அடுத்தது கல். அதன் மேல் ஏ60கே5வி என்று அச்சிட்டிருக்கும். ‘ஏ’ என்றால் அலுமினியம் ஆக்ஸைடு, 60 என்பது மணியின் அளவு, ‘கே’ என்பது பிணைப்பின் கடினம், 5 மணிகளுக்கு இடையிலான நெருக்கம், ‘வி’ என்றால் மண்பாண்டம்போல் சுட்டு இறுக்கிய பிணைப்பு. கெட்டியான இரும்புக்குக் கெட்டியான கல் வேண்டும் என்றுதான் தோன்றும். நடைமுறை நேர் எதிர். கடினமான எஃகில் மணிகளின் முனை சீக்கிரம் மழுங்கும். மழுங்கியவை உதிர்ந்தால்தான் புது முனை வெளியே வரும். பிணைப்பு இளகலாக இருந்தால்தான் அவை உதிரும். உதிராத கல் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கும். ஜாபில் பழுப்புத் தீத்தழும்பு விழும்.

மாட்டுவதற்கு முன் கல்லைத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் விரிசல் என்று ஒதுக்கிவிட வேண்டும். 400 மி.மீ. கல் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது. விரிசல் கல் அந்த வேகத்தில் வெடித்துச் சிதறலாம். புதுக் கல்லை முதலில் மூடிக்குள் ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிட்டு, ஆபரேட்டர் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பதும் இதனால்தான். கல்லின் ஒரு பக்கம் கனத்தாலும் தொல்லை; ஃபிளாஞ்சில் உள்ள எடைக்கட்டிகளை நகர்த்திச் சமன் செய்யாவிட்டால் ஷாஃப்ட்டின் மேல் அலை அலையாக வரி விழும்.

பிறகு டிரெஸ்ஸிங். வைர முனையை 10–15 டிகிரி சாய்த்து, கல் சுழலும் திசை நோக்கி வைத்து, ஓட்டத்துக்கு 0.02 மி.மீ. போலக் கல்லின் முகத்தைச் சீவுவார்கள். வைரம் வேகமாகக் கடந்தால் முகம் சொரசொரப்பாகி நன்றாக வெட்டும். மெதுவாகக் கடந்தால் ஜாபில் வழவழப்பு வரும், சூடும் கூடும். ஒரே கல்லை ரஃபுக்கும் ஃபினிஷுக்கும் பழக்குவது இந்த வேகத்தை மாற்றித்தான்.

“ஜாப் டேப்பர் அடிக்குது” என்பது பட்டறையில் அடிக்கடி காதில் விழும் புகார்; ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வருகிறது என்று பொருள். இரு முனைகளிலும் லேசாக எடுத்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 300 மி.மீ. நீளத்தில் டெயில்ஸ்டாக் எனும் வால்பக்கம் 0.02 மி.மீ. தடித்திருந்தால், அந்த நீளத்துக்கு டேபிளை 0.01 மி.மீ. மட்டும் அந்தப் பக்கம் கல்லை நோக்கித் திருப்பினால் போதும். விட்டம் என்பதால் பாதிக் கணக்கு. டயல் கேஜ் வைத்துத் திருப்பி, மறுபடி எடுத்து அளந்து, இரு முனையும் ஒன்றாகும்வரை இது தொடரும்.

ரஃபில் ஓட்டத்துக்கு 0.02, ஃபினிஷில் 0.005 என்று குறைத்து, கடைசியில் கல்லை முன்னால் தள்ளாமலே இரண்டு மூன்று முறை ஓட்டுவார்கள். வளைந்து கொடுத்த ஷாஃப்ட் நிமிர்ந்து, பொறி தானாக அடங்கும். சூட்டோடு அளந்தால் ஏமாற்றம்தான்: 25 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடேறினாலே விட்டம் ஏறக்குறைய 3 மைக்ரான் கூடிவிடும். கூலண்ட் இடைவிடாமல் கொட்ட வேண்டியதும் அதனால்தான்.

மெஷினுக்கும் இதே விதி. காலையில் ஸ்பிண்டிலைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் முதல் ஷாஃப்டை ஏற்றுவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் மெஷின் ஆறியிருக்கும். திரும்பி வந்து ஏற்றும் முதல் ஜாபை அளவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, தனியாக அளந்து பார்த்த பிறகே மீதியை எடுப்பார்கள்.