முப்பது கவிஞர்களின் பூச்சிப் புத்தகம்

எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுமிதா ஆற்றங்கரையில் ஓர் இலையுதிர்கால இரவு கவிஞர்கள் சிலர் கூடினார்கள். புல்லுக்குள்ளிருந்து வரும் பூச்சிகளின் குரலைக் கேட்டபடி கவிதை கட்டுவதுதான் ஏற்பாடு. அந்தக் கூட்டத்தை முன்னுரையில் நினைவுகூர்ந்தபடி 1788இல் வெளிவந்தது ‘எஹோன் முஷி எராமி’ என்ற மர அச்சுப் படத்தொகுதி. முப்பது கவிஞர்கள், ஆளுக்கொரு உயிர், ஆளுக்கொரு கியோகா. கியோகா என்பது 31 அசைகளில் முடிந்துவிடும் குறும்புப் பா. ஒவ்வொருவரும் தம் பூச்சியைச் சாக்கிட்டுக் காதலைப் பாடினார்கள்.

படங்கள் உதாமாரோ வரைந்தவை. பெண்களின் முகங்களை வரைந்து பிற்பாடு பெரும்புகழ் பெற்றவர், அதற்கு முன்பே இந்தப் பதினைந்து படங்களில் தேர்ந்த கையைக் காட்டிவிட்டார். ஒரு படத்துக்கு இரண்டு உயிர்கள், இரண்டு கவிதைகள். தேனீயும் கம்பளிப்பூச்சியும் ஒன்றில். கசகசாப் பூக்களருகே வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் இன்னொன்றில். பாம்பு, அரணை, தவளை ஆகியவற்றுக்கும் அந்தக் காலத்துப் பூச்சிக் கணக்கில் இடமிருந்தது. கடைசிப் படத்தில் தாமரை இலையும் தவளையும் பொன்வண்டும். கவிதையில் எவ்வளவு விளையாட்டு இருந்தாலும் படத்தில் இல்லை. கால்களின் மடிப்பு, உணர்கொம்பின் வளைவு, இலையில் புழு அரித்த ஓட்டை என்று எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவை. காதலுக்கு உவமையாக வந்த பூச்சி, இங்கே பூச்சியாகவே மதிக்கப்படுகிறது. இந்தப் புத்தகத்தின் பெருமையே அதுதான்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதை உதாமாரோவின் ஓவிய ஆசிரியர் தோரியாமா செகியென் பின்னுரையில் சொல்கிறார். சிறுவன் உதாமாரோ, நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே தும்பியை நூலில் கட்டியும் சில்வண்டை உள்ளங்கையில் வைத்தும் நேரம்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பானாம்.

ஆனால் ஓவியர் மட்டும் நினைத்தால் இப்படியொரு தொகுதி வராது. மெல்லிய தாளில் அவர் மையால் வரைந்ததைச் செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டுவார். கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தைச் செதுக்கி எடுப்பார். மூல ஓவியம் அதோடு போய்விடும். பிறகு நிறத்துக்கு நிறம் தனிப் பலகை. பலகையின் ஓரத்தில் வெட்டிய அடையாளத்தில் தாளைப் பொருத்தி, மூங்கில் உறை போட்ட வட்டமான தேய்ப்பானால் முதுகில் தேய்த்தால் நிறம் ஏறும். தாள் இம்மி நகர்ந்தாலும் பொன்வண்டின் பச்சை அதன் கோட்டுக்கு வெளியே வழியும். மினுமினுப்புக்கு அப்பிரகத் தூளும் பித்தளைத் தூளும் சேர்த்தார்கள்.

கவிஞர், ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் என்று இத்தனை பேரையும் கட்டி இழுத்தவர் பதிப்பாளர் ட்சுதாயா ஜூசாபுரோ. அவரே புனைபெயரில் கியோகா எழுதியவர். பூச்சிகளுக்குக் கிடைத்த வரவேற்பையடுத்து, சிப்பிகளையும் பறவைகளையும் பாடும் தொகுதிகளையும் இதே கூட்டணி கொண்டுவந்தது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இதன் பிரதிகள் உள்ளன. அந்தக் காலத்துத் தாவரச் சாயங்கள், முக்கியமாகப் பூவிலிருந்து எடுத்த நீலம், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால் இத்தகைய அச்சுகளைச் சிறிது காலமே மங்கிய ஒளியில் காட்சிக்கு வைத்துவிட்டு, மறுபடி இருட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள்.