சாக்ஸபோன் என்ன சொல்கிறது?

நம் சங்க மேடையில் வாத்தியக் கச்சேரி நடந்தால், நன்றியுரை கூற வருபவர் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்: "இசைக்கு மொழி கிடையாது." நாமும் கை தட்டுவோம். தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் கலந்து உட்கார்ந்திருக்கும் மைசூர் சபையில் அது சௌகரியமான வாக்கியம்தான். ஆனால் அது முழு உண்மைதானா என்ற ஐயம் எனக்கு வெகு நாட்களாக உண்டு. பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியம் ஒலிக்கும்போது நாம் கேட்கிற ஏக்கமும் சோகமும் எங்கிருந்து வருகின்றன? சுரத்திலிருந்தா, அல்லது நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒன்றிலிருந்தா?

இதை யோசிக்க நம் ஊரோடு தொடர்புள்ள வாத்தியம் ஒன்று இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், ராணுவ பேண்டுகளோடு உலகம் சுற்றி, மைசூர் அரண்மனை பேண்டுக்கும் வந்து சேர்ந்தது. அந்த பேண்டில் அதைக் கேட்டு மயங்கித்தான், நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளையான கத்ரி கோபால்நாத் (1949-2019) தகப்பனாரின் வாத்தியத்தை விட்டு இதன் பக்கம் வந்தார். கட்டைகளும் மூடிகளுமாக இருக்கும் கருவியில் கமகத்தைக் கொண்டுவர அவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பிடித்தன.

நம்மில் பலர் அவர் வாசிப்பை முதலில் கேட்டது 1994இல் வெளிவந்த பாலசந்தரின் 'டூயட்' படத்தில்தான். காதலை வாய்விட்டுச் சொல்ல முடியாத சாக்ஸபோன் கலைஞராக பிரபு நடித்த படம். ஒலிப்பதிவின்போது ஏறக்குறைய 30 ராகங்களை வாசித்துக் காட்டியும் ஏ.ஆர். ரஹ்மானுக்குத் திருப்தி வரவில்லை என்றும், கல்யாண வசந்தம் வாசித்ததும் அவர் துள்ளி எழுந்து இதுதான் வேண்டும் என்றார் என்றும் கோபால்நாத் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே கல்யாண வசந்தத்தில்தான் தியாகராஜரின் 'நாதலோலுடை' இருக்கிறது. நாதத்தில் தோய்ந்து பேரானந்தம் அடையும்படி மனத்துக்குச் சொல்லும் கீர்த்தனை அது. கச்சேரியில் பேரானந்தம், சினிமாக் கொட்டகையில் சொல்லாத காதல்! ராகம் ஒன்றுதான். கேட்பவர் கையில் கொண்டுவரும் செய்தி வேறு.

நம் வாத்தியக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வைணிகர் கீர்த்தனை வாசிக்கும்போது விரல் மீட்டும் இடம், பெரும்பாலும் சாகித்தியத்தின் எழுத்து விழும் இடம். வீணை சேஷண்ணா, தொரைசாமி ஐயங்கார் என்று வந்த நம் மைசூர் மரபின் ரசிகர்கள், வாய் திறக்காமல் உள்ளுக்குள் பாடியபடியே கேட்பார்கள். சாகித்தியம் தெரியாதவருக்கு அது இனிய ஓசை, அவ்வளவே.

கோபால்நாத்தை ஜாஸ்காரர்களும் இனம் கண்டுகொண்டார்கள். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்தார். நம் வீடுகளிலோ ஜாஸ் என்றால் "என்ன இது, ஒரே இரைச்சல்!" என்று சட்டென்று நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அப்படி நிறுத்துகிறவர்கள் ஒரே ஒரு ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாகஸ்வரத்துக்கு ராஜரத்தினம் பிள்ளை எப்படியோ, ஜாஸ் சாக்ஸபோனுக்கு ஜான் கோல்ட்ரேன் (1926-1967) அப்படி. பாட்டனார் இருவரும் கிறிஸ்தவப் போதகர்கள். பண்டிட் ரவிசங்கர் மேல் இருந்த மதிப்பால் தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரத்துக் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் நிறவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. நவம்பர் 18 அன்று கோல்ட்ரேன் தம் குழுவினருடன் ஒரு சிறிய உருப்படியைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல்கூட இல்லை. பெயர் மட்டும் 'அலபாமா'.

பியானோ கீழ் ஸ்தாயியில் அடங்கிய முழக்கமாக, தம்பூராபோல நிற்கிறது. அதன்மேல் சாக்ஸபோன் தாளக்கட்டு இல்லாமல், ஆலாபனைபோல மெல்லப் பேசுகிறது. அது ஒப்பாரி அல்ல. துக்க வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைக் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டிருப்பாரே, அந்தத் தொனி. நடுவில் தாளம் சேர்ந்து ஒரு நடை பிடிக்கிறது. மனம் சற்றுத் தேறிற்று என்று நாம் நினைக்கும் நேரத்தில் அது அப்படியே நின்றுபோகிறது. மறுபடியும் அந்த முதல் பேச்சு. முடிவில் டிரம்ஸ் ஒருமுறை பொங்கி அடங்குகிறது.

அந்தச் சிறுமிகளின் இறுதிச் சடங்கில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையின் ஏற்ற இறக்கத்தைத்தான் கோல்ட்ரேன் வாசித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. அவரே அப்படிச் சொன்னதாகச் சான்று இல்லை. எனக்கு அந்தக் கதை தேவைப்படவும் இல்லை.

பெயரைச் சொல்லாமல் இதை என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்க வராது. கேட்டு முடித்து, "ராத்திரி ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்குப்பா. யாருக்கோ காத்திருக்காங்க, அவங்க வரலை" என்றாள். பிறகு பர்மிங்காம் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் மறுபடி போடச் சொன்னாள். அந்தத் தாளம் நின்றுபோகும் இடம் வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். முதல் முறையே சோகம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்குச் சொல் வேண்டியிருக்கவில்லை. யாருடைய சோகம், எதனால் என்பதைத்தான் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

மறு ஆண்டு, 1964 டிசம்பரில், 'எ லவ் சுப்ரீம்' என்ற இசைத்தட்டைக் கோல்ட்ரேன் பதிவு செய்தார். அதன் கடைசிப் பகுதிக்கு 'சாம்' என்று பெயர். தமிழ் பைபிளில் இதற்குரிய சொல் 'சங்கீதம்' என்பது என்ன பொருத்தம் பாருங்கள்! கடவுளுக்குத் தாம் எழுதிய நன்றிக் கவிதையைத் தட்டின் உறையில் அச்சிட்டுவிட்டு, அதையே அசை அசையாகச் சாக்ஸபோனில் வாசித்திருக்கிறார். யாரும் பாடுவதில்லை. நம் வைணிகர் சாகித்தியத்தை வாசிக்கும் அதே காரியம்தான்! கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், விரல் தானாக வரிக்கு வரி நகரும்.

என் கவலை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. கல்யாண வீட்டு நாகஸ்வரத்தில் பாபநாசம் சிவனின் 'என்ன தவம் செய்தனை' வாசிக்கிறார்கள். மகளும் நானும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறோம். அவள் தலை அசைகிறது, என் தலையும் அசைகிறது. அவளுக்குக் காபி ராகம் கேட்கிறது. எனக்கு யசோதை தெரிகிறாள், பரம்பொருள் அவளை அம்மா என்று அழைப்பது தெரிகிறது. இசைக்கு மொழி கிடையாது என்று சொல்லி நான் அவளை அந்த நாற்காலியிலேயே விட்டுவிடலாம். மைசூரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அப்படித்தான் விட்டிருக்கிறோம்.

அந்தக் கீர்த்தனையைக் கன்னட எழுத்தில் எழுதி, அடியில் பொருளும் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்ததாகக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடல்கள் இரண்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோல்ட்ரேன் கவிதைக்கு என் உதவி தேவைப்படவில்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, அவளே படித்துக்கொண்டாள்.