கேப்புத் துப்பாக்கியும் அதன் குதிரையும்

செப்டம்பர்த் திங்களின் தொடக்கத்தில் குடகு நாட்டில் கைல்பொள்து என்னும் ஆயுத விழா நிகழ்கிறது. குடகர்கள் தம் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூசையறையில் வைத்து, 'தோக்குப் பூ' சூட்டி வணங்குவர். தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ நம்முடைய செங்காந்தளே. அங்குக் காப்பித் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் இவ்விழாவைக் கண்டிருக்கலாம். குழல்வாய் வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய கேப்புத் துப்பாக்கி ஒன்று கைக்கு எட்டினால், பலரும் குதிரையைப் பின்னிழுத்து, விசையைத் தட்டி, 'டக்' என்ற ஓசையைக் கேட்க விரும்புவர். அந்த 'டக்' என்பதே துப்பாக்கிக்குக் கேடு.

குழலின் அடியில், எழுதுகோல் முனைபோல, நடுவே நுண்ணிய துளையுடைய எஃகு முளை ஒன்று திருகப்பட்டிருக்கும். அதன்மேல் செப்புக் கேப்பை மாட்டுவர். தீபாவளிக் கேப்பைத் தட்டி வெடிக்கும் சிறுவர்க்கும் இதன் தத்துவம் புரியும். குதிரை கேப்பின்மேல் விழ, அதனுள்ளிருக்கும் மருந்து தீப்பற்றி, சுடர் துளை வழியே உள்மருந்தை அடைகிறது. அடியால் தீமூட்டும் இம்முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் பார்சைத் 1807-இல் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப்பு அதன்பின் வந்தது.

செப்பு மென்மையானது, அடியின் வேகத்தில் ஒரு பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. கேப்பு இல்லாதபோது எஃகு எஃகோடு மோதுகிறது. முளையின் விளிம்பு நாளடைவில் காளான்போல் விரிகிறது. மிகக் கடினமான முளையாயின் சிதறவும் கூடும். விரிந்த முளையில் கேப்பு அடிவரை இறங்காது. முதல் அடி அதனை அழுத்துவதோடு நின்றுவிடும். தேங்காயைக் குறிவைத்து நிற்பவருக்கு அது ஏமாற்றம் மட்டுமன்று. வெடிக்காத துப்பாக்கி சற்றுத் தாமதித்தும் வெடிக்கலாம். ஆதலால் குழலை ஆளில்லாத திசையிலேயே நிறுத்திச் சிறிது நேரம் காத்திருத்தல் வேண்டும்.

இத்தொல்லையைப் படையினர் முன்பே அறிந்திருந்தனர். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டுத் துப்பாக்கியில் பயிற்சிக்கென்று, உள்ளே தோல் பதித்த சிறு மூடி ஒன்றை முளைமேல் மாட்டினர். தொலைந்து போகாதபடி அதனைச் சங்கிலியால் துப்பாக்கியோடு பிணைத்தனர். 1857-இல் தோட்டாவின் கொழுப்பு பெரும் புயலைக் கிளப்பிய துப்பாக்கியும் இதுவே. அதன் தோல் மூடியைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம்.

நாமும் ஒரு தடித்த தோல் துண்டைக் குதிரைக்கும் முளைக்கும் இடையே வைக்கலாம். ஆயினும் முதலில் கெட்டிக்கும் கோலைக் குழலுள் விட்டு, வாயருகே குறியிட்டு, வெளியே எடுத்து அளந்து பார்த்தல் வேண்டும். கோல் முளையருகே வரை எட்டவில்லையெனில், உள்ளே பழைய மருந்து இருக்கக்கூடும், அறிந்தவரிடம் ஒப்படையுங்கள். தோலை நம்பி, மருந்திட்ட துப்பாக்கியின் விசையை ஒருபோதும் தொடலாகாது. நெடுநாள் வைக்கும்போது தோலை எடுத்துவிடுவதே நன்று. அது ஈரத்தை ஈர்த்துத் துருவை வளர்க்கும். வெறுந்துப்பாக்கியின் குதிரையைப் பெருவிரலால் பிடித்து மெல்ல இறக்கி, முளைமேல் சிறிது எண்ணெய் தடவினால் போதும். விரிந்த முளையை அரத்தால் தேய்த்துக் குட்டையாக்காமல், உரிய திருகியால் கழற்றிப் புதியதை மாட்டுவதே முறை.

ஒன்று நினைவிருக்கட்டும். குடகர்க்கும் ஜம்மா நிலமுடையோர்க்கும் உள்ள உரிம விலக்கை மத்திய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. பிழைப்பு நாடி அங்குச் சென்ற நமக்கு அது பொருந்தாது.