தவறான விடையும் ஒரு பாடமே

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் பழமொழி. ஐந்து வயதுக் குழந்தை எப்படி வளைகிறது, எப்போது வளைய மறுக்கிறது என்று ஆராய்வதே குழந்தை உளவியல். ஆனால் தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இத்தனை அறிஞர்களும் வகுப்பறையில் எதற்குப் பயன்படுவார்கள் என்ற ஐயம், ஆசிரியப் பயிற்சி பெறும் தோழியர் பலருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அதைப் போக்கியவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

கற்பித்தல் பயிற்சிக்காகத் திருச்சியில் ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்புக்குச் சென்றிருந்தேன். 50இலிருந்து 35ஐக் கழிக்கச் சொன்னேன். அச்சிறுமி 25 என்று எழுதினாள். திருத்திக் கொடுத்தேன், பத்து முறை எழுதவும் சொன்னேன். மறுநாளும் 25தான். "அவ மக்கு டீச்சர்" என்று பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தனர். நானும் மனத்திற்குள் அவ்வாறே எண்ணத் தொடங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவரங்கத்தில், கோபுரத்தருகே அவள் தன் அப்பாயியுடன் பூ விற்றுக்கொண்டிருந்தாள். ஒருவர் முப்பத்தைந்து ரூபாய்க்குப் பூ வாங்கிக்கொண்டு ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். "முப்பத்தஞ்சு... இந்தாங்க அஞ்சு, நாப்பது. இது பத்து, அம்பது!" என்று நொடியில் மீதியை எண்ணிக் கொடுத்தாள் அந்த 'மக்கு'. சிலேட்டில் வராத விடை, பூக்கூடைக்குப் பக்கத்தில் எப்படி வந்தது? அன்றிரவுதான் பாடநூலைத் தேர்வுக்காக அல்லாமல் படித்தேன்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896-1980) இளமையில் பாரிஸில் நுண்ணறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் பணியில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதே அவர் வேலை. அவரைக் கவர்ந்தவையோ தவறான விடைகள். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே விதமாகத் தவறு செய்வதைக் கண்டார். அப்படியானால் தவறு என்பது அறிவின்மை அன்று. அந்த வயதின் சிந்தனை முறை என்று தெளிந்தார். குழந்தையின் சிந்தனை நான்கு பருவங்களைக் கடந்து வளர்கிறது என்ற அவருடைய கொள்கை அதிலிருந்து முளைத்ததே.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவான இரு தம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஒன்றை மட்டும் ஒடுக்கமான உயர்ந்த கண்ணாடிக் குவளைக்கு மாற்றுங்கள். "எதில் அதிகம்?" என்று கேட்டால் ஐந்து வயதுத் தம்பி உயரமான குவளையைக் காட்டுவான். ஏழெட்டு வயது அக்காள், "இரண்டும் ஒன்றுதானே!" என்பாள்.

என் மாணவியின் 25க்கும் ஒரு முறை இருந்தது. ஒன்றின் இடத்தில் 0, 5. பத்தின் இடத்தில் 5, 3. ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருந்தாள். அவ்வளவுதான்! நான் கொடுத்த பத்து முறைப் பயிற்சி ஏன் பலிக்கவில்லை என்பதும் விளங்கியது. பயிற்சி விதியை வகுத்த தார்ன்டைக்கே, தம் செயலின் பலன் தெரியாமல் திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் கற்றலாகாது என்று பிற்காலத்தில் அவ்விதியைத் திருத்திக்கொண்டார்.

ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி (1896-1934) இன்னொரு படி காட்டினார். குழந்தை தானே செய்யக்கூடியதற்கும், பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள தூரமே 'அண்மை வளர்ச்சி மண்டலம்'. மார்கழியில் அன்னை புள்ளி வைக்க, மகள் இழை இழுக்கிறாளே, அதுதான் அந்த மண்டலம். இத்துணைக்குச் 'சாரம்' என்ற உவமையை 1976இல் உட், புரூனர், ராஸ் ஆகிய மூவரும் கையாண்டனர். 1987இல் நிறைவெய்திய 236 அடி உயரத் திருவரங்க இராஜகோபுரத்தைப் பாருங்கள். கட்டும்போது இருந்த சாரம் இன்று இல்லை; கோபுரம் நிற்கிறது. ஆசிரியையின் உதவியும் அப்படித்தான் விலக வேண்டும்.

கையால் தொட்டறிந்த பின்னரே கருத்து மனத்தில் பதியும் என்றவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர், இத்தாலியும் போரில் இறங்கியதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் அவர் பணி தொடர்ந்தது. எண்களைக் கற்பிக்க அவர் தந்தவை ஒற்றை மணிகளும், பத்துப் பத்தாகக் கோத்த மணிகளும்.

திங்கட்கிழமை நான் மணிகளுக்குப் பதில் காகிதத்தில் ஐந்து பத்து ரூபாய்த் தாள்களைச் செய்து சென்றேன். "இதிலிருந்து எனக்கு முப்பத்தைந்து ரூபாய் கொடு" என்றேன். மூன்று தாள்களைத் தந்தவள் திகைத்து நின்றாள். பிறகு, "சில்லறை மாத்தாம எப்படி டீச்சர் அஞ்சு ரூபா கொடுக்கிறது?" என்றாள். கடன் வாங்கிக் கழித்தலின் இரகசியத்தை அவளே சொல்லிவிட்டாள்! அவள் மாற்றிய தாளையே சிலேட்டில் எழுதிக் காட்டினேன். 15 வந்தது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை அறிந்து பிரித்துக் கற்பிப்பதும் இக்கருத்தின் வழியே. அரும்பை யாரும் 'மக்கு மலர்' என்று அழைப்பதில்லை அல்லவா?

அதன்பின் அவள் எல்லாக் கணக்கையும் சரியாகச் செய்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பெல்லாம் சிலேட்டை மார்போடு மறைத்துக்கொண்டவள், தவறானாலும் என்னிடம் நீட்டத் தொடங்கினாள். 'மக்கு' என்ற ஒரு சொல் எத்தனை சிலேட்டுகளை மறைத்து வைத்திருக்குமோ!

ஆகவே தோழியரே, தவறான விடையைக் கண்டதும் சிவப்பு மையை எடுக்குமுன், "இது எப்படி வந்தது, சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். நாம் படித்த கொள்கைகள் எல்லாம் அந்தக் கேள்வியில் அடங்கும்.