கொழுக்கட்டைச் சொப்பும் இதயத் தசையும்

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்தால் அடைப்பு இல்லை. பிறகு ஏன் இந்த இரைப்பு என்று வீடே குழம்பும். அடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயின் கோளாறு. இங்கே கெட்டிருப்பது குழாய் அல்ல, இதயத்தின் சுவரான தசை. மருத்துவர்கள் இதைக் கார்டியோமயோபதி என்பார்கள்.

கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுதான் சுவர், பூரணம்தான் ரத்தம். முதல் வகையில் சொப்பு அளவுக்கு மீறி விரிந்து துவண்டுவிடுகிறது. ரத்தம் நிறையப் பிடிக்கும், அழுத்தித் தள்ள வலு இராது. வைரஸ் தொற்று, நெடுநாள் குடி, சில புற்றுநோய் மருந்துகள், பரம்பரை எனக் காரணங்கள் பல. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும், குழந்தை பிறந்து 5 மாதங்களுக்குள்ளும்கூட இது வரும். 'பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று அந்த இரைப்பை விட்டுவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வகையில் சொப்பு தடித்துவிடும், பூரணத்துக்கு இடமிருக்காது. மூன்றாவது அரிது: மாவு விறைத்துப்போய், பூரணத்தை வாங்கிக்கொள்ள விரிந்து கொடுக்காது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். சிலரை மூச்சை அடக்கி முக்கச் சொல்வார். இதய இரைச்சல்களில் பெரும்பாலானவை அப்போது தணியும். தடித்த தசை ரத்தத்தின் வழியை மறித்தாலோ இரைச்சல் கூடும். பிறகு ஈ.சி.ஜி., அடுத்து எக்கோ.

எக்கோ முடிந்ததும் நாம் கேட்பது ஒரே கேள்வி: 'பம்பிங் எவ்வளவு?' இடது கீழறை நிறையும்போது சுமார் 120 மில்லி ரத்தம் இருக்கும், ஒரு துடிப்பில் 70 மில்லி வெளியே போகும். ஆக, 58 சதவீதம். விரிந்த சொப்பில் இந்தக் கணக்கு குறையும். தடித்த சொப்பிலோ 70 சதவீதத்தைத் தாண்டவும் செய்யும்! உள்ளே இருந்ததே கொஞ்சம்தான், அதில் பெரும்பகுதி போய்விட்டதால் சதவீதம் கூடித் தெரிகிறது. அதனால் பம்பிங் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியடையாமல், சுவரின் தடிமனையும் கேளுங்கள். ரத்தக் கொதிப்போ வால்வுக் கோளாறோ காரணமாக இல்லாமல் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அது இரண்டாவது வகையாக இருக்கலாம்.

அடுத்து எம்.ஆர்.ஐ. ஊசியில் ஏற்றும் மருந்து, தசையில் விழுந்த தழும்புகளை எடுத்துக் காட்டும். தழும்பு அதிகமானால் துடிப்பு தாறுமாறாகி உயிரைப் பறிக்கும் ஆபத்தும் கூடும். யாருக்குத் துடிப்பைச் சரிசெய்யும் கருவியை உடலுக்குள் பொருத்த வேண்டும் என்று முடிவெடுக்க இதுவும் உதவும்.

கடைசியாகக் குடும்பம். தெற்காசியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேருக்கு, ஒரு இதயத் தசைப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதாக 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வாய்ப்பு கூடுகிறது. ஆகவே பரம்பரை வகை என்று தெரிந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோருக்கும் ஈ.சி.ஜி., எக்கோ எடுக்க வேண்டும். பிள்ளைக்கு இன்று எல்லாம் சரியாக இருந்தாலும் அதோடு முடிந்துவிடாது. வளரும் வயதில் சுவர் தடிக்கலாம் என்பதால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும்.