பிழையே விலையான பொம்மைக் கார்கள்

குறையுள்ள பண்டத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதே நாமறிந்த வழக்கம். அக்குறைக்காகவே கூடுதல் பணம் கொடுப்போரும் உளர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

இலண்டன் லெஸ்னி நிறுவனம் 1953 முதல் வெளியிட்ட 'மேட்ச்பாக்ஸ்' கார்களும், அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1968இல் தொடங்கிய 'ஹாட் வீல்ஸ்' கார்களும் இலட்சக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. பரிசோதகர் கண்ணுக்குத் தப்பி, ஒரு பக்கம் சித்திரம் பதியாமலோ, முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறாகவோ வெளிவந்துவிடும் கார் அரிதாகிறது. சேகரிப்போர் தேடுவது அந்த அருமையைத்தான்.

மோசடியும் இவ்வழியேதான் நுழைகிறது. அடித்தகட்டைப் பிணைக்கும் 'ரிவெட்' ஆணியைத் துளையிட்டுக் கழற்றி, சக்கரங்களை மாற்றி, மீண்டும் ஒட்டித் 'தொழிற்சாலைப் பிழை' என விற்போர் உண்டு. சித்திரத்தை இரசாயனத்தால் துடைத்தெடுப்பதும் எளிது. பிழையை விரும்பி வாங்குவது அவரவர் பிரியம். பிழையைச் செய்து விற்பதோ பச்சைக் களவு! ஆகவே, விவரமறிந்தவர்கள் ஆணித்தலை சிதையாதிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். பிரிக்காத உறைக்குள் இருக்கும் பிழைக்கே நல்ல விலை. உறையையும் பிரித்து ஒட்டும் கைகாரர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

எல்லாக் குறைக்கும் இந்த மதிப்பு இல்லை. லிவர்பூலில் இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட டிங்கி கார்கள் பலவற்றில், துத்தநாகக் கலவையோடு ஈயம் கலந்துவிட்டது. அவை வெடித்து, உப்பி, நொறுங்குகின்றன. அதற்கு மருந்தில்லை, பெட்டியில் பூட்டிவைத்தாலும் தூளாகத்தான் போகும்.