உறிஞ்சு குழி உறிஞ்சாதபோது

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் இருக்கும்வரை கழிவுநீரைப் பற்றிக் கவலை கிடையாது. பாதாளச் சாக்கடை கொண்டுபோய்விடும்; அடைத்துக்கொண்டால் குவார்ட்டர்ஸ் என்கொயரி அலுவலகத்தில் புகார் எழுதினால் ஆள் வருவார். ஓய்வு பெற்றுத் தஞ்சாவூர்ப் பக்கம் கட்டிய வீட்டுக்குக் குடிபோன பிறகுதான் செப்டிக் டேங்கோடு பழக வேண்டிவருகிறது. முதல் ஐப்பசி மழையிலேயே கழிவறைப் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். ஊர் திரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், ஒரு கழிவறையில் மட்டும் தண்ணீர் நிற்கிறதா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் குழாய் அடைப்புதான், பிளம்பர் போதும்.

எல்லாவற்றிலும் என்றால், "டேங்க் நிறைஞ்சிருச்சு, லாரியக் கூப்பிடுங்க" என்பார்கள். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். உறிஞ்சு குழிக்கு வெளியேறும் குழாயின் அடிமட்டம்வரை தண்ணீர் நிற்பதுதான் சரியான நிலை. அந்தக் குழாயே மூழ்கியிருந்தால், தண்ணீர் வெளியேற வழியில்லை என்று அர்த்தம்.

மூடியைத் திறந்ததும் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும். காற்றாட விடுங்கள், பீடி, தீக்குச்சி, குழந்தைகள் எதுவும் பக்கத்தில் வேண்டாம். நீளக் கம்பு ஒன்றின் அடிப்பாதியில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, வெளியே நின்றபடியே அடிவரை இறக்கிச் சற்றுப் பொறுத்து எடுங்கள். துணியில் கருப்பாக அப்பியிருக்கும் உயரம்தான் கசடு. கசடும் மேலே மிதக்கும் படலமும் சேர்ந்து மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாரி தேவை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது நல்ல வழக்கம்.

லாரி உறிஞ்சி முடித்ததும் மூடியைப் போட்டுவிடாதீர்கள். தள்ளி நின்று டார்ச் அடித்து, வெளியேறும் குழாயைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். குழியிலிருந்து தண்ணீர் டேங்குக்குள்ளேயே திரும்பி வந்தால் உறிஞ்சு குழி நிரம்பி நிற்கிறது. எத்தனை லாரி வந்தாலும் சில நாள் நிம்மதிதான்.

லாரி வராத சந்தில் ஆளை இறக்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கூலி பேசி இறங்கியவர்கள் பிணமாக மேலே வந்த செய்தி இன்னும் நிற்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி, இறக்கியவருக்கு முதல் முறையே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். நீளமான ஹோஸ் வைத்திருக்கும், உரிமம் பெற்ற வண்டி கிடைக்கும்வரை காத்திருங்கள்.

குழி ஏன் உறிஞ்சுவதில்லை? டேங்கில் தங்காத கசடு குழிக்குள் போய், மண்ணின் துளைகளைக் கொழகொழப்பான படலமாக அடைத்துவிடுகிறது. டெல்டாவின் களிமண்ணில் ஏற்கெனவே இறக்கம் குறைவு. மழையில் நிலத்தடி நீரும் ஏறிவிடும். அமிலம், பவுடர் எதுவும் இதைத் தீர்க்காது. முதலில் சுமையைக் குறையுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். மாடி மழைநீரைக் குழியிலிருந்து பிரியுங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள். சில குழிகள் இதிலேயே மீண்டுவிடும்.

மீளவில்லை என்றால் புதுக் குழிதான். மேஸ்திரி இடம் காட்டியதும் தோண்டாமல், மண்ணைச் சோதியுங்கள். குழி வரவேண்டிய ஆழத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பள்ளம் எடுத்து, அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டுத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முப்பது நிமிடத்துக்குள் என்றால் குழி போடலாம். அறுபது வரை என்றால் ஜல்லி நிரப்பிய நீளமான கால்வாய்கள் தேவை. அதற்கும் மேலென்றால் அந்த மண்ணை நம்பாதீர்கள். வடிகட்டித் தொட்டி பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள். கோடையில் மட்டும் பார்த்த சோதனை ஏமாற்றும், மழைக்காலத்திலும் பாருங்கள்.

கிணறோ போரோ இருந்தால் குறைந்தது 18 மீட்டர் தள்ளியே குழி. பக்கத்து வீட்டுக் கிணறும் இதில் சேர்த்தி. பழைய குழி பொங்கியிருந்தால், குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். தெருவின் மழைநீர் வடிகாலில் இணைத்துவிடலாம் என்று யோசனை வரும். உங்கள் வீட்டு நோய் ஊர் வாய்க்காலுக்குப் போகும், அவ்வளவுதான்.

பழைய குழியை மூடிவிட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு சேம்பர் கட்டி, தண்ணீரைப் புதுக் குழிக்குத் திருப்பி, பழையதை ஒரு வருடம் காயவிடுங்கள். படலம் மட்கிப்போனால் மண் மறுபடி ஓரளவு குடிக்கும். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம்.